குப்பை சுமக்கும் புழுவும் சுமக்காத புழுவும் ஒரே இனமா?

கேள்வி: பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் ஒரு காபித் தோட்டத்தில் பயிர்ப் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். காபிச் செடிகளிலும் வேலியோர ஆரஞ்சு மரங்களிலும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளைப் பிடித்து, பெட்டியில் முட்டையிட வைத்திருக்கிறேன். பெருக்கி, அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் எதிராக விடுவதாகத் திட்டம். இங்கே எல்லோரும் இதைக் கிரைசோபெர்லா எக்ஸ்டெர்னா என்கிறார்கள். ஆனால் முட்டையிலிருந்து வந்த புழுக்களில் சில வழவழவென்று ஓடுகின்றன. சில முதுகில் குப்பையை ஏற்றிக்கொண்டு திரிகின்றன. தாய்ப்பூச்சிகளோ என் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. இது ஒரே இனம்தானா? பதிவேட்டில் என்ன பெயர் எழுதுவது?

பதில்: ஒரே இனம் இல்லை. உங்கள் பெட்டியில் குறைந்தது இரண்டு பேரினங்கள் கலந்திருக்கின்றன. குப்பை சுமப்பது நோயும் அல்ல, தனிப் புழுவின் விசித்திரப் பழக்கமும் அல்ல. கிரைசோபெர்லா புழு குப்பை சுமக்காது. சுமக்கிறது என்றால் அது வேறொன்று. ஆரஞ்சு மரத்திலிருந்தும் பிடித்ததாகச் சொல்வதால் செரியோகிரைசா பேரினத்தின் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். லியூகோகிரைசா, கிரைசோபோடஸ் ஆகியவற்றின் புழுக்களும் குப்பை சுமப்பவையே. எனவே சந்தேகத்தை இப்போதைக்குச் சந்தேகமாகவே வைத்திருங்கள்.

தாய்ப்பூச்சிகள் ஒன்றுபோல் தெரிவதில் வியப்பில்லை. பச்சை உடல், கண்ணாடி இறக்கை, பொன்னிறக் கண் மூன்றும் கிரைசோபிடே குடும்பத்தின் பொதுச் சொத்து. உலகம் முழுவதும் இக்குடும்பத்தில் சுமார் 1,400 சிற்றினங்கள் உண்டு. தென் அமெரிக்கா அவற்றின் வளமான இருப்பிடங்களில் ஒன்று. லியூகோகிரைசா பேரினத்தில் மட்டும் ஏறத்தாழ 200 சிற்றினங்கள், எல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நடுமுதுகில் ஓடும் வெளிர்மஞ்சள் கோட்டைப் பார்த்ததும் ‘எக்ஸ்டெர்னா’ என்று எழுதிவிடுகிற வழக்கம் வயல் பணியாளர்களிடம் இருக்கிறது. அந்தக் கோடு செரியோகிரைசாவிலும் வரும். அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

புழுவிலிருந்து தொடங்குங்கள், இந்தக் குடும்பத்தில் தாயைவிடப் பிள்ளை தெளிவாகப் பேசும். குப்பை சுமக்கும் ஒரு புழுவை எடுத்து, ஈரமான மெல்லிய தூரிகையால் முதுகுச் சுமையை மெதுவாக நீக்கி, 20 மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்ணோக்கியில் பாருங்கள். சுமையில் அசுவினியின் உரித்த தோல், மாவுப்பூச்சியின் மெழுகு, செடியின் மயிர், தூசு எல்லாம் இருக்கும். அதற்குக் கீழே உடல் கூன் விழுந்ததுபோல் மேடாக இருக்கும். பக்கவாட்டில் நீண்ட புடைப்புகள், அவற்றின் நுனியில் நீண்ட முட்கள். முதுகில் உள்ள மயிர்களின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். சுமையைப் பிடித்து வைப்பது அந்தக் கொக்கிகள்தாம். சுமையை இழந்த புழுவின் அருகில் கொஞ்சம் பஞ்சு நூலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால், தாடையால் ஒவ்வொரு இழையாகக் கவ்வி, தலையைப் பின்னால் வளைத்து, முதுகில் வைத்து அழுத்துவதைக் காணலாம். எறும்புகள் காவல் காக்கும் அசுவினிக் கூட்டத்துக்குள் புகுந்து மேய இந்த வேஷம் உதவுகிறது.

கிரைசோபெர்லா புழு இதற்கு நேர்மாறு. ஒல்லியான, தட்டையான உடல், இரு முனையும் குறுகியிருக்கும், புடைப்புகள் சிறியவை, மயிர்கள் குட்டையானவை, கொக்கி இல்லாதவை. ஓட்டத்தில் வேகம் அதிகம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில், அந்துப்பூச்சி முட்டையை மட்டும் தின்று வளரும் செரியோகிரைசா புழுவுக்குச் சுமக்க எதுவுமே கிடைக்காது. அது வெறும் முதுகோடு நிற்கும். அதைப் பார்த்துக் கிரைசோபெர்லா என்று கணக்கில் எழுதிவிடக்கூடாது. உடலமைப்பைப் பாருங்கள், அல்லது இரண்டு நூலைப் போட்டுச் சோதியுங்கள். மறுபக்கம், ஓரிரண்டு துகள் ஒட்டிக்கொண்ட கிரைசோபெர்லா புழுவும் கண்ணில் படலாம். அது ஒட்டியது, சுமந்தது அல்ல.

முட்டைகளை அடையாளத்துக்கு அதிகம் நம்ப வேண்டாம். காம்பின் மேல் முட்டை நிற்பது இந்தக் குடும்பத்தின் பொது வழக்கம். எக்ஸ்டெர்னா தன் முட்டைகளைத் தனித்தனியாக இடும். நெருக்கமான கொத்தாக இட்டிருந்தால் அது எக்ஸ்டெர்னா அல்ல என்று ஐயப்படலாம், அவ்வளவுதான். செரியோகிரைசா ஸ்மித்தி என்ற சிற்றினம் முட்டைக் காம்புகளில் எண்ணெய்த் துளிகளைப் பூசி வைக்கும். எறும்புகளுக்கு அது ஆகாது. பொரித்து இறங்கும் குஞ்சுப் புழுவோ, துளிகளை ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டே கீழே வரும். 1996-இல் தாமஸ் ஐஸ்னரும் அவருடைய குழுவினரும் புளோரிடாப் பூச்சிகளை வைத்து வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. உங்கள் கேள்விக்கு நேரடித் தொடர்பில்லைதான். ஆனால் முட்டைக் காம்பை லென்ஸில் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி வளர்ந்த பூச்சி. முதலில் இறக்கை. முன்னிறகின் நடுவில், அடிப்பகுதிக்கு அருகே ஒரு சிறிய அறை இருக்கும்; நடுநரம்பு இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்வதால் உண்டாவது. அது நான்கு பக்கங்களுடன் நீள்சதுரமாக இருந்தால் லியூகோகிரைசா வகையறா. முட்டை வடிவிலோ முக்கோணத்தை ஒட்டியோ இருந்தால், கிரைசோபெர்லா, செரியோகிரைசா, கிரைசோபோடஸ் மூன்றும் அடங்கிய பிரிவு. லியூகோகிரைசாவில் பல சிற்றினங்களுக்கு உணர்கொம்பு இறக்கையைவிட வெகு நீளம். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு கரும்புள்ளியும் இருக்கும். பழகிய கண்ணுக்கு லென்ஸே தேவைப்படாது.

அடுத்தது முகம். இறந்த பூச்சியில் அல்ல, உயிருள்ள பூச்சியில் பாருங்கள். சிறு குப்பியில் போட்டுச் சில நிமிடங்கள் குளிரில் வைத்தால் அசையாமல் இருக்கும். கண்ணுக்குக் கீழே கன்னத்தில், வாயை நோக்கி இறங்கும் பட்டையைத் தேடுங்கள். எக்ஸ்டெர்னாவில் அது அடர்சிவப்பு. வடகிழக்குப் பிரேசிலிலிருந்து 2003-இல் செர்ஜியோ தெ ஃப்ரெய்டாஸ் விவரித்த கிரைசோபெர்லா ஜெனானிக்ராவில் கன்னம் கறுப்பு. உணர்கொம்பின் பருத்த அடிக்கணுவையும் பாருங்கள்: செரியோகிரைசாவின் பல சிற்றினங்களில் அதன் வெளிப்பக்கத்தில் சிவப்புக் கோடு தெளிவாக ஓடும். தலைக்குப் பின்னுள்ள முன்மார்பின் ஓரங்களிலும் சிவப்புக் குறிகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். முகம் நேராக, முகம் பக்கவாட்டில், மேலிருந்து மார்பு, விரித்த முன்னிறகு என நான்கு படங்களை உடனே எடுத்துவிடுங்கள். சாராயத்தில் போட்டால் பச்சை மங்கி வெளிர்மஞ்சளாகும், சிவப்பும் நிலைக்காது. பல அருங்காட்சியகப் பூச்சிகள் வைக்கோல் நிறத்தில் நிற்பதும் இப்படி நிறம் மங்கியதால்தான்.

முகக்குறிகள் உங்களைச் சிற்றினத்தின் வாசல்வரை கொண்டுவிடும். உள்ளே போக ஆண்பூச்சியின் வயிற்று நுனி வேண்டும். அதை வெட்டி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூட்டில் வைத்தால் தசை கரைந்து, உள்ளே உள்ள இனப்பெருக்க உறுப்பின் கடினப் பாகங்கள் மட்டும் எஞ்சும். தண்ணீரில் அலசி, கிளிசரினில் வைத்துப் பாருங்கள். நிறமற்ற பாகங்களுக்குக் குளோரசால் பிளாக் சாயம் ஏற்றலாம். கிரைசோபெர்லா ஆணில் டிக்னம் எனப்படும் வில்போல் வளைந்த தண்டு இருக்கும். செரியோகிரைசாவில் டிக்னம் இல்லை. அதற்குப் பதில், கீழ்ப்புறத்தில் கோனாப்சிஸ் என்ற தகடு இருக்கும். இந்த ஒரு வேறுபாடு, இவ்விரண்டு பேரினங்களில் எது என்பதைத் தீர்த்துவைக்கும். கரைசல் தோலை அரிக்கும், கையுறை அவசியம்.

டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அனுப்புங்கள், ஆனால் தீர்ப்பை அதனிடம் ஒப்படைக்காதீர்கள். தரவுத்தளத்தில் யாரோ தவறான பெயரில் போட்ட வரிசை ஒன்று உங்களுடையதோடு கச்சிதமாகப் பொருந்தக்கூடும். கிரைசோபெர்லாவில் சில நெருங்கிய சிற்றினங்கள், இனத்தை அடையாளம் காணப் பயன்படும் பார்கோடு மரபணுவில் பிரிவதே இல்லை. தமிழ்நாட்டுக் கையேடுகளில் கிரைசோபெர்லா கார்னியா என்ற பெயரைப் பார்த்திருக்கலாம். இந்தியாவில் அப்படி அழைக்கப்பட்டுவந்தது உண்மையில் கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவி சில்லெமி. அதைப் பிரித்தறிய உதவியது, இணைதேடும்போது வயிற்றை அதிரவைத்து இலைவழியே அனுப்பும் அதிர்வுப் ‘பாட்டு’. சார்ல்ஸ் ஹென்றியும் மற்றவர்களும் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். இத்தனை காலம் வளர்த்து விற்ற பூச்சிக்கே பெயர் மாறியது என்றால், செடியில் பிடித்த பூச்சிக்குப் பெயர் வைப்பதில் அவசரம் கூடாது.

பெயர் எழுதும் முறைக்கு வருவோம். கிரைசோபெர்லா எக்ஸ்டெர்னா (ஹேகன், 1861) என்று எழுதும்போது பிறைக்குறியை விட்டுவிடாதீர்கள். ஹெர்மன் ஹேகன் 1861-இல் இதை விவரித்தபோது கிரைசோபா பேரினத்தில் வைத்தார். 1964-இல் ஸ்டெய்ன்மான் கிரைசோபெர்லாவை ஏற்படுத்தினார். பின்னர் எக்ஸ்டெர்னா அங்கே இடம்பெயர்ந்தது. ஆசிரியர் பெயரைப் பிறைக்குறிக்குள் வைப்பது அந்த இடமாற்றத்தைச் சொல்லத்தான். செரியோகிரைசா க்யூபானாவுக்கும் அதே கதை: ஹேகன், அதே 1861, பேரினத்தைப் பிலிப் ஆடம்ஸ் 1982-இல் உருவாக்கினார். ஜெனானிக்ரா தொடக்கத்திலேயே கிரைசோபெர்லாவாக விவரிக்கப்பட்டதால் ஃப்ரெய்டாஸ், 2003 என்று பிறைக்குறி இல்லாமல் வரும். பழைய அர்ஜென்டினாக் கட்டுரைகளில் கிரைசோபா லனாட்டா என்று பார்த்தால் திகைக்க வேண்டாம். அது எக்ஸ்டெர்னாவின் பழம்பெயர்.

இந்தக் கண்டத்துப் பூச்சிகளின் பெயர்ச் சிக்கலில் பெரும்பங்கு ஸ்பெயின் நாட்டு ஏசுசபைப் பாதிரியார் லாங்கினோஸ் நவாஸுக்கு உண்டு. அயராத உழைப்பாளி, நூற்றுக்கணக்கில் பெயர் வைத்தார். விவரிப்போ பலசமயம் சில வரிகள்தான். மூலமாதிரிகள் பலவும் தொலைந்துவிட்டன. அவர் பெயரிட்ட பூச்சி எது என்று தேடுவதிலேயே பின்வந்தவர்களின் காலம் கழிந்தது. உங்களுக்கு நல்ல வேளையாக, பிரேசில் விவசாய நிலங்களில் வாழும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளை ஃப்ரெய்டாஸும் நார்மன் பென்னியும் 2001-இல் ஒன்றுதிரட்டி, அடையாளங்களைப் படிப்படியாக ஒப்பிட்டுப் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் திறவுகோலுடன் வெளியிட்டார்கள். காபியும் ஆரஞ்சும் அதன் எல்லைக்குள் வருபவை. அந்தத் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, 2001-க்குப் பின் வந்தவற்றை மட்டும் தனியே சரிபாருங்கள்.

இப்போது உங்கள் பெட்டி. இன்றே பிரித்துவிடுங்கள், இந்தப் புழுக்கள் ஒன்றையொன்று தின்னும், உங்கள் எண்ணிக்கை ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும். ஒரு பெண்பூச்சிக்கு ஒரு குப்பி, ஒரு எண். அதன் முட்டை, புழு, கூடு, பிறந்த பூச்சி எல்லாவற்றுக்கும் அதே எண். 25 டிகிரி வெப்பத்தில் எக்ஸ்டெர்னாவுக்கு முட்டை முதல் பூச்சிவரை ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். அதற்குள் எந்தத் தாய் எந்தப் புழுவைப் பெற்றாள் என்பது தெரிந்துவிடும். பூச்சி வெளிவந்த பட்டுக்கூட்டைத் தூக்கி எறியாதீர்கள். கடைசிப் பருவப் புழு உரித்த தோல், தாடைகளோடு அதனுள்ளே சுருங்கிக் கிடக்கும். பூச்சியைக் குத்திய ஊசியிலேயே கூட்டையும் சேர்த்து வைத்தால், தாயும் பிள்ளையும் ஒரே சான்றில் அடங்கிவிடும். நிபுணர் ஒருவரிடம் காட்டும்போது இதற்காகவே உங்களை மெச்சுவார்.

பதிவேட்டில் பார்த்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். கொக்கி மயிரும் கூனும் மட்டும் பார்த்திருந்தால் ‘கிரைசோபிடே, குப்பை சுமக்கும் வகை’. முட்டை வடிவ அறையும் கோனாப்சிஸும் பார்த்து, திறவுகோலும் ஒத்துப்போனால் ‘செரியோகிரைசா, சிற்றினம் தீர்மானிக்கவில்லை’. கன்னத்துச் சிவப்பு, டிக்னம், வழவழப்பான புழு மூன்றும் ஒத்துப்போய், திறவுகோலும் அங்கேயே கொண்டுபோனால் எக்ஸ்டெர்னா என்று தயங்காமல் எழுதலாம். கூடவே இடம், உயரம், தேதி, எந்தச் செடி, பகலில் வலையா இரவில் விளக்கா என்பவை. செடியின் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்டெர்னா திறந்த வயலிலும் தாழ்ந்த செடிகளிலும் தாராளமாகக் கிடைக்கும். செரியோகிரைசா மரத்தையே அதிகம் நாடும். எந்தப் பூச்சியை எங்கே விடுவது என்பதற்கு அந்த ஒற்றைச் சொல்தான் பின்னால் துணையாக வரும். மருந்துத் தாங்குதிறன் பற்றி எக்ஸ்டெர்னாவில் செய்த சோதனை முடிவை க்யூபானாவுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது.

மாதிரிகளை ஆய்வுக்காகச் சேகரிப்பதாக இருந்தால் சிஸ்பியோ என்ற பிரேசில் அரசின் அனுமதி அமைப்பு வழியே அனுமதி பெறவேண்டும். உங்கள் நிறுவனத்தில் யாரேனும் ஏற்கெனவே பெற்றிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு விதிகள் தனி. கலந்துபோன பெட்டியில் தாய் தெரியாமல் எஞ்சும் பூச்சிகளை வளர்ப்புக்கு வைத்துக்கொள்ளாமல், பிடித்த தோட்டத்திலேயே திறந்துவிட்டுவிடலாம்.