குழந்தைக்கு வெயில் தடுப்பு உடை தனியாக வாங்கத்தான் வேண்டுமா? சாதாரணப் பருத்திச் சட்டை போதாதா?

தண்ணீரில் விளையாடுகிற குழந்தை என்றால் ஒன்று வாங்கிவிடுங்கள். மற்ற நேரத்துக்கு அலமாரியில் இருப்பதே பெரும்பாலும் போதும்.

நானும் இதை வியாபாரத் தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். மகளுக்கு அப்போது நான்கு வயது. வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் போட்டு நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டேன். உடம்பு மூடித்தானே இருக்கிறது என்று தைரியம். அன்று இரவு குளிப்பாட்டும்போது தோளில் வெந்நீர் பட்டதும் வீறிட்டாள். பார்த்தால், சட்டைக்கு அடியில் இருந்த தோளே சிவந்து கிடந்தது.

வெயிலின் புற ஊதாக் கதிரை ஒரு துணி எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு யூபிஎஃப் என்று ஓர் அளவு உண்டு. மெல்லிய வெள்ளைப் பருத்திக்கு அது 5, மிஞ்சினால் 7. யூபிஎஃப் 50 என்றால் புற ஊதாக் கதிரில் 50-இல் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம்தான், துணியைத் தாண்டும். 5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு தோலுக்குப் போய்விடும். நனைந்தால் இன்னும் மோசம். இழைகளுக்கு நடுவே தண்ணீர் நிரம்பியதும் ஒளி சிதறாமல் நேராக உள்ளே இறங்கும். ஈரச் சட்டையில் உடம்பு தெரிகிறதே, அதே சங்கதிதான்.

அதனால் குளத்துக்கும் கடலுக்கும் மட்டும் 50+ என்று போட்ட முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று. கொஞ்சம் தொளதொளவென்றே வாங்குங்கள். போன வருடத்துச் சட்டையை இழுத்து மாட்டினால் நெசவு விரிந்து கதிருக்கு வழி விட்டுவிடும்.

மற்ற உடைகளுக்கு நான் செய்வது இதுதான்: துணிக்குள் கையை விட்டு விளக்குக்கு நேராகப் பிடிப்பேன். விரல்களை எண்ண முடிந்தால் அது வெயிலுக்கு உதவாது. நெருக்கமாக நெய்ததும் அடர் நிறமும் நன்றாகத் தடுக்கும். ஆனால் கறுப்பில் குழந்தைக்குப் புழுங்கும், நெசவைப் பார்த்து வாங்கினாலே போதும். ஜீன்ஸ் துணி அருமையாகத் தடுக்கும், கொளுத்துகிற வெயிலில் அதை யார் போடுவது!

அப்புறம் தொப்பி. முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கேப், காதையும் பிடரியையும் அப்படியே விட்டுவிடும். சுற்றிலும் விளிம்பு வேண்டும். தாடைக்கு நாடா இருந்தால், இழுத்தவுடன் கழன்றுவிடுகிறதா என்று பாருங்கள், எங்கேயாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை நெரிக்கும். என் மகள் மூன்று தொப்பிகளைக் கழற்றி எறிந்தாள். நானும் ஒன்றைப் போட்டுக்கொண்ட பிறகுதான் நான்காவது தலையில் நின்றது.