வெறுமையாகக் கிடந்த கட்டங்கள்

அன்பின் அக்கா,

மகள் கம்பஸில் புள்ளிவிபரவியல் முடித்துவிட்டாள். சுகாதார சேவைகள் பற்றிய ஆய்வுக் குழு ஒன்றில் உயிர்ப் புள்ளிவிபரவியலாளராகச் சேரப் போகிறேன் என்கிறாள். வருத்தம் வந்தால் டொக்டரைத் தெரியும், தாதியைத் தெரியும். கணக்குப் பார்க்கிறவருக்கு அங்கே என்ன வேலை? நீங்கள் அதே வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், மூதூர்

அன்புள்ள தம்பி,

நம்முடைய மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிளினிக்கில் சீனி வருத்தக்காரரின் பதிவுகளை என்னிடம் தந்தார்கள். ஒரு வருடத்தில் சராசரிச் சீனி அளவு நன்றாக இறங்கியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், அறிக்கை எழுதுவதுதான் பாக்கி. நான் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனேன். நீல மையில் பெயர், வயது, ஊர். அதற்கு வலப்பக்கம் மாதத்துக்கு ஒரு கட்டம். ஒரு அம்மாவுக்கு முதல் மூன்று மாதமும் சீனி 200க்கு மேலே. நாலாவது கட்டத்திலிருந்து பக்கத்தின் ஓரம் வரை ஒன்றுமே எழுதப்படவில்லை. அப்படிப் பல வரிகள். சீனி கூடியவர்கள்தான் கூடுதலாக நின்றுபோயிருந்தார்கள். மிஞ்சியவர்களை மட்டும் கூட்டிப் பிரித்தால் சராசரி இறங்காமல் என்ன செய்யும்?

ஊர்ப் பெயர்களைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. நின்றவர்களில் அநேகர் இரண்டு பஸ் மாறி வரவேண்டிய தூரத்து ஆட்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தால்தான் மருந்து. மருந்தை மாற்றுவதா, கிளினிக்கை அவர்கள் பக்கம் கொண்டுபோவதா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கணினியில் ஏற்றும்போது யாராவது அந்த வெற்றுக் கட்டங்களில் 0 போட்டிருந்தால் சராசரி இன்னும் அழகாக இறங்கியிருக்கும், அந்த அம்மாவும் கண்ணில் படாமலே போயிருப்பார். உங்கள் மகள் செய்யப்போகும் வேலையில் பாதி இதுதான்.

இன்னொன்று. மூதூரில் ஒருவருக்குக் கடுமையாகிவிட்டால் என்ன செய்வார்கள்? அம்புலன்ஸில் திருகோணமலைக்கு அனுப்புவார்கள். அவர் அங்கே இறந்தால் அந்த இறப்பு அங்கேயே பதியப்படும். அப்புறம் இரண்டு ஆஸ்பத்திரிகளின் இறப்பு வீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீதம் குறைந்த ஆஸ்பத்திரிதான் திறம் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். வந்தவர்களின் வயது, வரும்போது இருந்த நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். 30 பேருக்குச் சிகிச்சை செய்து ஒருவரும் இறக்கவில்லை என்றாலும் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒருவரும் இறக்காதபோது 3ஐ ஆட்களின் தொகையால் பிரித்துப் பார்ப்பது எங்கள் குறுக்கு வழி. இங்கே 3ஐ 30ஆல் பிரியுங்கள். உண்மையான ஆபத்து நூற்றுக்குப் பத்து வரை இருந்தாலும் அப்படி ஒரு பூச்சியம் வரலாம். வார்டுக்கு வார்டு புள்ளி போடுகிறவர்களிடம் இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

சரி, கொள்கைக்கு வருவோம். இலங்கையில் 1946இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு, 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. நுளம்புக்கு டி.டி.டி. அடித்த காலம் அது. எல்லாம் மருந்தடித்ததால்தான் என்று உலகமெங்கும் பேசினார்கள். ஆனால் மலேரியா குறைவாக இருந்த பகுதிகளிலும் இறப்பு இறங்கியிருந்தது. அப்படியென்றால் உணவுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் எவ்வளவு பங்கு? வருடக்கணக்காக வாதாடினார்கள். பிடிவாதத்தால் வந்த வாதம் இல்லை அது. அடுத்த நாடு தன் காசை எங்கே போடுவது என்பது அந்தப் பதிலில்தான் தங்கியிருந்தது. மருந்தடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதற்கு ஒருவர் வேண்டும், தம்பி. டொக்டருக்கு முன்னால் இருக்கும் நோயாளியைப் பார்க்கவே நேரம் போதாது.

மகளைத் தடுக்காதீர்கள். வேலையில் சேர்வதற்கு முதல் ஒரு நாள் விடியக்காலையில் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்கில் ஒரு ஓரமாக இருந்து, தாதி பெயர் கூப்பிடுவதைக் கேட்கட்டும். கூப்பிட்டும் ஒருவரும் எழும்பாவிட்டால், அது எத்தனையாவது பெயர் என்று கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா