கைப்பிடி அரிசியும் பத்தாண்டுத் திட்டமும்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமச் சபையில் கமிட்டி உறுப்பினராக இருக்கிறேன். போன மாதம் எங்கள் சேகரத்தின் (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) போதகர் தலைமையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சபைக்குப் பத்தாண்டுத் திட்டம் போட்டோம். பழைய ஆலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவது, எல்இடி திரை, நேரலை, வாலிபர் ஊழியம், வடநாட்டில் ஒரு மிஷன் தளத்தைத் தாங்குவது என்று 12 பக்கம் வந்திருக்கிறது. அதையும் கூட்டத்தின் படத்தையும் இணைத்திருக்கிறேன். இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான அசரியா பிறந்த வட்டாரம் இது, தரிசனமும் பெரிதாக இருக்க வேண்டாமா? ஆனால் பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விட்டார்கள். பணத்தை முதலில் ஆலயத்தில் போடுவதா, வாலிபர் ஊழியத்திலா? கமிட்டி இரண்டாக நிற்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

12 பக்கத்தையும் படித்தேன். ஈஸ்டருக்கு ஊருக்குப் போய் வந்ததிலிருந்து இதேதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஆலயத்தில் பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது, அதில் முக்கால்வாசி எழுபதைத் தாண்டியவர்கள். ஆராதனை முடிந்து ஆண்கள் எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகும் அவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே இருந்தார்கள். வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். திரை வையுங்கள். நேரலையும் வையுங்கள், துபாயில் இருக்கிற பிள்ளை தன் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கட்டும். மிஷன் தளம் நல்ல காரியம், செய்யுங்கள்.

அப்புறம் ஒன்பதாம் பக்கம். "முதியோர் ஊழியம்: கிறிஸ்துமஸ் சமயத்தில் சேலை, போர்வை வழங்குதல்." முழு ஊழியமும் இந்த ஒரே வரிதான். உங்கள் சபையில் ஞாயிறுதோறும் வருகிறவர்களில் பெரும்பகுதி யார் தம்பி? அவர்களுக்குப் பத்து வருஷத்துக்குப் பத்துப் போர்வையா? படத்தில் மேசையைச் சுற்றி அத்தனை பேரும் ஆண்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒரே ஒருவர். அந்த அம்மாவிடம் நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட இந்த வரி இப்படி வந்திருக்காது.

எனக்குக் கோபம் வந்தது அதைவிட நாலாம் பக்கத்தைப் பார்த்துத்தான். "கைப்பிடி அரிசி நிறுத்தப்பட்டு மாதாந்திரக் கவராக மாற்றப்படும், க்யூஆர் கோடு வைக்கப்படும்." வரவு குறைவு, வேலை அதிகம் என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் ஊரில் அந்த அரிசியை வாங்கிவந்தது என் பெரியம்மை. சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைப்பிடி எடுத்து ஆலயக் காணிக்கையாகத் தனியே போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியம்மை தெருத்தெருவாகப் போவார், நோட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். ஒரு வீட்டில் முன்கதவு சாத்தியிருந்தது. பெரியம்மை கூப்பிடவில்லை. சுற்றிக்கொண்டு புறவாசலுக்குப் போனார். அடுப்பில் சாம்பல்கூட இல்லை, வழித்துத் துடைத்தாற்போல இருந்தது. அந்த வீட்டுப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பெரியம்மை பெட்டியிலிருந்து ரெண்டு உழக்கு அளந்து அவள் முறத்தில் கொட்டினார். "பிள்ளைகளுக்கு முதலில் கஞ்சி வை" என்றார். தெருவுக்கு வந்ததும் நோட்டை வாங்கி, அந்த வீட்டுக்கு நேராக மற்ற வீடுகளுக்குப் போட்டது போலவே வரவுக் கோடு ஒன்று போட்டார். மறுநாள் ஆலயத்தில் அரிசி ஏலம் போனபோது அந்தப் பெண்ணும் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, எந்தக் கிழவிக்குக் கண் தெரியாமல் போகிறது எல்லாம் சனிக்கிழமை ராத்திரிக்குள் சபை ஊழியரான உபதேசியார் காதுக்குப் போய்விடும். ஞாயிறு மத்தியானம் அவர் அந்த வீட்டுப் படியில் நிற்பார்.

எங்கள் சபையிலும் அதை நிறுத்திக் கவர் கொடுத்தார்கள். போன மழைக்காலத்தில், தனியாக இருக்கிற ஒரு அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தார். காலையில் பார்த்தது பால்காரர். மகனுக்குப் போன் போட்டதும் அவர்தான். முந்தின மூன்று மாதமாக அந்த அம்மா கவர் போடவில்லை என்று கணக்கில் இருந்தது, ஏன் என்று பார்க்க ஒருவரும் போகவில்லை.

ரேஷன் கடையில் அரிசி சும்மாவே கிடைக்கும்போது கைப்பிடி அரிசி எதற்கு என்பீர்கள். சரி, அரிசி வேண்டாம். பெட்டி போகட்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுப் படியையும் ஒரு ஆள் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். உங்கள் 12 பக்கத்தில் அது எங்கேயும் இல்லை.

திட்டம் போடுகிற கூட்டம் சபைக்குப் புதிதா என்ன? அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், எங்கள் விதவைகளை விட்டுவிட்டீர்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அதற்காகவே சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான் அந்த ஏழில் ஒருவர். நம் பக்கத்திலும் அப்படித்தான். கிறிஸ்தவர்களானதால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஜனங்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றத்தான் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830இல் பாளையங்கோட்டையில் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். கண் முன்னால் நின்ற ஜனங்களைப் பார்த்துப் போட்ட திட்டம் அது.

அசரியாவைச் சொன்னீர்கள். அவர் 1912இல் பேராயரானதற்கு இரண்டு வருஷம் முன்பு, எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அத்தனை வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு முன்னால் எழுந்து நின்று பேசினார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். வெள்ளாளன்விளையிலிருந்து போன ஒருவர் எடின்பரோவில் கேட்டதை, அதே வட்டாரத்துக் கமிட்டியிடம் உங்கள் ஊர்க் கிழவிகள் கேட்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு வலிக்கிறது.

ஆலயமா வாலிபரா என்றுதான் கேட்டிருந்தீர்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். கால்டுவெல் ஐயர் கட்டிய இடையன்குடி ஆலயத்துக்கு 1847இல் அஸ்திவாரம் போட்டார்கள், பிரதிஷ்டை நடந்தது 1880இல். அது எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே கால்டுவெல்லின் மனைவி எலிசா அம்மாள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கட்டடம் காத்திருக்கும். ஓட்டில் ஒழுக்கு இருந்தால் மாற்றுங்கள், இடிக்கிற பேச்சு இப்போது வேண்டாம். வாலிபர்களில் வேலைக்குப் போனவர்கள் போனவர்கள்தான், அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள் இல்லையா? சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்து அம்மாமார் இரண்டு பேரோடு இரண்டு பிள்ளைகளை அனுப்புங்கள், கையில் ஒரு நோட்டோடு. உங்கள் வாலிபர் ஊழியத்தை அதில் தொடங்குங்கள்.

அடுத்த கமிட்டிக்கு முன்னால் எனக்கு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சேகரத்தில் தனியாக வசிக்கிறவர்கள் எத்தனை பேர், யாருக்கு எந்த மருந்து, ராத்திரி ஒன்று ஆனால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதுங்கள். கமிட்டியில் இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் சேர்ந்தே போங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா