மின்னுரை வடிவமாற்றம்: கேட்டவையும் சொன்னவையும்

கே: அண்ணா, 300 பக்க உரைநூல் ஒன்று வேர்டு கோப்பாக இருக்கிறது. அதை டிஈஐ எக்ஸ்எம்எல் (நூலின் தலைப்பு, பத்தி, பாட்டு போன்றவற்றைக் குறியிட்டு வைக்கும் பொது வடிவம்) ஆக்க பைத்தானில் ஒரு நிரல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். சரியான வழிதானா?

ப: கொஞ்சம் நிறுத்துங்கள் தம்பி. டிஈஐ வேலை 1987இல் தொடங்கியது, இப்போது புழங்கும் பி5 பதிப்பே 2007இல் வந்தது. இத்தனை வருடத்தில் வேர்டு கோப்பை மாற்ற யாரும் எதுவும் செய்யாமலா இருப்பார்கள்? டிஈஐ கூட்டமைப்பே தன் ஸ்டைல்ஷீட்டுகளை (ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் விதிக்கோப்புகள்) நிரல்கள் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கிறது, வேர்டிலிருந்து டிஈஐக்கும் அங்கிருந்து எச்டிஎம்எல், ஈபப் மின்னூல், மறுபடி வேர்டு என்றும் போகலாம். எதையும் நிறுவ மனமில்லையா, டிஈஐகராஜ் என்ற இணையச் சேவையில் கோப்பை ஏற்றினால் அதே வேலை நடக்கும். ஒரே ஒரு சிக்கல். தலைப்பை எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி மட்டும் விட்டிருந்தால் கருவிக்கு அது தலைப்பென்று தெரியாது, தடித்த எழுத்துள்ள ஒரு பத்தி என்றுதான் எடுத்துக்கொள்ளும். வேர்டிலேயே ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ பாணிகளைப் போட்டுவிட்டு மாற்றுங்கள். நிரல் எழுதும் நேரத்தை அதில் செலவிட்டால் போதும்.

கே: அந்த ஸ்டைல்ஷீட்டை எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற நிரலில் ஓட்டினால் பிழையாகக் கொட்டுகிறதே?

ப: கொட்டத்தான் செய்யும். ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில் அதற்கு 1999இன் 1.0 பதிப்புதான் தெரியும், ஸ்டைல்ஷீட்டுகள் 2.0வில் எழுதியவை. 2.0 தெரிந்த சாக்ஸன் எச்ஈ எடுங்கள், இலவசம்.

கே: இவ்வளவு சுற்றுவானேன் சார், வடிவம் மாற்றும் பாண்டாக் கருவி போதாதா?

ப: எனக்கும் பாண்டாக் பிடிக்கும், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது எந்தக் கோப்பையும் முதலில் தன் உள்வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் வெளியே தரும். தலைப்பு, பத்தி, பட்டியல், அடிக்குறிப்பு எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு, பிரதிபேதத்துக்கு இல்லை. ‘இந்த ஏட்டில் இப்படி, அந்த ஏட்டில் அப்படி’, ‘இங்கே இரண்டெழுத்து சிதைந்திருக்கிறது’ என்றெல்லாம் நீங்கள் குறித்து வைத்திருந்தால் அவை வெறும் எழுத்தாகிவிடும். கதை, கட்டுரை என்றால் பாண்டாக்கே போதும். சுவடி ஒப்புநோக்கிய பதிப்பு என்றால் வேண்டாம்.

கே: தமிழ் நூல்களை மின்னுரையாக்கும் மதுரைத் திட்டத்திலிருந்து 2001 வாக்கில் இறக்கிவைத்த கோப்புகள் கொஞ்சம் கிடைத்தன. திறந்தால் ஒரே கிறுக்கல்.

ப: திஸ்கியாக இருக்கும், யூனிகோடு பரவுமுன் புழங்கிய தமிழ் எழுத்துக் குறியாக்கம். அந்தத் திட்டம் 1998 பொங்கலுக்குத் தொடங்கியது, அப்போது யூனிகோடு நம் கணினிகளில் ஒழுங்காக வராத காலம். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும், ‘கெ’ என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோட்டில் தலைகீழ். அதனால் எழுத்துக்கு எழுத்து ‘தேடி மாற்று’ போட்டால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் (நான் ஒரு முழு நூலை இப்படிக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்). லினக்ஸில் குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் கட்டளைக்கே திஸ்கி தெரியும், பைத்தான்காரர் என்றால் ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது.

மாற்றிய பிறகு ஔகாரத்தைப் பாருங்கள். இது திஸ்கிக் கோப்பில் மட்டுமல்ல, நேற்று தட்டச்சு செய்ததிலும் இருக்கும். ‘கௌரவம்’ என்பதை ‘கெ’யும் ‘ள’வும் சேர்த்து அடித்திருப்பார்கள், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. மொத்தமாக மாற்றவும் முடியாது, தெளிவும் வெள்ளமும் கெளுத்தியும் சேர்ந்து மாறிவிடும். சொற்பட்டியல் எடுத்துக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை, குறியிடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

கே: அதே கோப்புகளில் செய்யுள் அடிகள் எல்லாம் ‘பிஆர்’ (வரியை முறிக்கும் எச்டிஎம்எல் குறி) போட்டுப் பிரித்திருக்கின்றன. அதை அடி, பாட்டு என்று குறிக்கத் தயார்க் கருவி உண்டா?

ப: எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி கிடையாது. ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தட்டியிருக்கிறார்கள், ஒருவர் பாட்டுக்கு நடுவில் வெற்று வரி விடுவார், இன்னொருவர் பாட்டெண்ணை மட்டும் போடுவார். இங்கேதான் நீங்கள் நிரல் எழுத வேண்டும், முப்பது நாற்பது வரி போதும். பத்துப் பாட்டில் ஓட்டிப்பார்த்து, டிஈஐ ஸ்கீமாவோடு (எந்தக் குறி எங்கே வரலாம் என்ற விதிகள்) சரிபார்த்துவிட்டு மீதிக்குப் போங்கள்.

கே: மற்றவர்கள் எழுதிய வடிவம் மாற்றும் நிரல்களை எப்படித் தேடுவது? ‘கன்வெர்ட்டர்’ என்று போட்டால் குப்பைதான் வருகிறது.

ப: கருவியைத் தேடாதீர்கள், உரைகளை வெளியிட்டவர்களைத் தேடுங்கள். பழைய ஆங்கில அச்சு நூல்கள் சுமார் 25,000 ஐ 2015 ஜனவரி 1 அன்று ஈபோ டிசிபி திட்டம் பொதுவில் விட்டது. அவ்வளவு நூலின் வடிவத்தையும் யாரும் கையால் மாற்றியிருக்க மாட்டார்கள், நிரல் வைத்துத்தானே மாற்றியிருப்பார்கள்? கிட்ஹப்பிலும் டிஈஐ குறிப்பெயரை (டேக்) போட்டுத் தேடினால் நேராக ஸ்டைல்ஷீட்டிலேயே போய் நிற்கலாம். எடுப்பதற்கு முன் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கே: நான் எழுதிய நிரல் ஒன்று இருக்கிறது அண்ணா, பார்க்கவே அசிங்கமாக இருக்கும். பகிரலாமா?

ப: தாராளமாக. ஒரு உள்ளீட்டுக் கோப்பு, அது எப்படி வெளிவந்தது என்று ஒரு கோப்பு, உரிமம் ஒரு வரி. இந்த மூன்றும் இருந்தால் அசிங்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.