வடிகட்டியும் மஞ்சள் போகவில்லையா?

கேள்வி: சார், கோவையில் சின்னதாகக் குரோம் பிளேட்டிங் பட்டறை நடத்துகிறேன். அலசிய தண்ணீரைச் சாண்ட் ஃபில்டரில் விட்டும் மஞ்சளாகவே வருகிறது. ஃபில்டரை மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். காபி ஃபில்டரில் சக்கை மேலே நின்றுவிடும், டிகாஷன் இறங்கிவிடும் இல்லையா, அதேதான். அந்த மஞ்சள், ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்). முழுக்கக் கரைந்திருப்பதால் மணலில் நிற்காது, சுண்ணாம்புக்கும் படியாது. கார்பன் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் நிறைந்துவிடும். முதலில் ஆசிட் விட்டு பிஎச்சை (அமில-கார அளவை) 2-3க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டுக் கலக்குங்கள் (நெடி ஏறும், காற்றோட்டம் கட்டாயம் வேண்டும்). மஞ்சள் போய்ப் பச்சை வரும், அதாவது சுண்ணாம்புக்குப் படியும் ட்ரைவேலன்ட் குரோமியமாக மாறிவிட்டது. அப்புறம் சுண்ணாம்பால் பிஎச்சை 8.5 பக்கம் ஏற்றினால், தெளிந்திருந்த தண்ணீரில் சாம்பல் பச்சையாகப் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஃபில்டருக்கு வேலையே அதற்கு அப்புறம்தான். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், டைஃபீனைல் கார்பசைடு சோதனையில் ஊதா வந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். சயனைடு பாத்தில் (சயனைடு கலந்த பிளேட்டிங் தொட்டியில்) முக்கியதை அலசிய தண்ணீர் ஒரு வாளிகூட இந்த ஆசிட் தொட்டியில் விழக்கூடாது. ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பினால் பக்கத்தில் நிற்பவர் உயிர் போய்விடும். அந்தத் தண்ணீருக்குக் குழாய், தொட்டி எல்லாமே தனியாக இருக்கட்டும்.

கேள்வி: நிக்கலும் குரோமும் ஒரே தொட்டியில் வருகின்றன. சுண்ணாம்பைக் கூடப் போட்டால் எல்லாம் படியுமா?

படியாது. குரோமியத்துக்கு 8.5 போதும், அதிகம் ஏற்றினால் படிந்ததே திரும்பக் கரைய ஆரம்பிக்கும். நிக்கலுக்கோ 10 பக்கம் போக வேண்டும். இரண்டு கட்டமாகச் செய்யுங்கள், முதல் கட்டத்தில் படிந்ததை எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முதலில் ஒரு லிட்டர் பீக்கரில் போட்டுப் பாருங்கள், தொட்டிக்கு எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஃபில்டர் பிரஸ் கேக்கை (படிந்த கசடைத் தட்டுகளுக்கு நடுவே பிழிந்தால் மிஞ்சும் கட்டியை) காலி மனையில் கொட்டலாமா?

கூடவே கூடாது. தட்டுகளை விலக்கும்போது ஈரக் களிமண் மாதிரி பொத்தென்று விழுகிறதே, நீங்கள் தண்ணீரிலிருந்து பிரித்த உலோகம் அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை 1990களிலேயே மூடப்பட்டது, ஆனால் அது கொட்டிவிட்டுப் போன கழிவிலிருந்து மழைக்கு மழை குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியதை அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேக்கை மூட்டை கட்டி, மழை படாத கூரையின் கீழ் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புங்கள். கும்மிடிப்பூண்டியில் ஒன்று இருக்கிறது. செலவுதான், ஆனால் வேறு வழியில்லை.

கேள்வி: தோல் ஆலை பக்கத்தில் வீடு. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம், போதுமா அண்ணா?

போதாதும்மா. கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மாதிரி உலோகம் பாத்திரத்திலேயே நின்று இன்னும் அடர்த்தியாகும். இன்றைக்கே குடிப்பதை நிறுத்திவிட்டு ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது.