பாதியில் நின்ற உபுண்டு மேம்படுத்தல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாறும்போது முன்னேற்றப் பட்டை ஒரு மணி நேரமாக நகரவில்லை. கணினியை அணைத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அணைக்காதீர்கள். நின்றதுபோல் தோன்றும் மேம்படுத்தல்களில் பல, உங்கள் பதிலுக்காகவே காத்திருக்கின்றன. சாளரத்தின் அடிப்பகுதியில் உள்ள டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் இடம்) பகுதியை விரித்துப் பாருங்கள். நீங்கள் முன்பு திருத்திய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா என்ற கேள்வி அங்கே நிற்கக்கூடும்; 'டி' எழுத்தைத் தட்டினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும், 'என்' என்றால் பழையது அப்படியே இருக்கும். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களின் உரிம ஒப்பந்தமும் இவ்வாறே மறைந்து நிற்பதுண்டு. டேப் விசையால் 'ஓகே'வுக்குச் சென்று என்டர் தட்ட வேண்டும்.

கேள்வி எதுவும் இல்லையெனில், வேறொரு டெர்மினலில், இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் 'டாப்' கட்டளையை இயக்கிப் பாருங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் அட்டையின் இயக்கி, புதிய கெர்னலுக்காக (இயங்குதளத்தின் மையப் பகுதி) தொகுக்கப்பட்டுக்கொண்டிருந்தால், பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அது நீண்ட நேரம் எடுக்கும். '/வார்/லாக்/டிஸ்ட்-அப்கிரேடு' கோப்புறையிலுள்ள பதிவுகளில் புதிய வரிகள் சேர்ந்துகொண்டிருக்கும் வரை, வேலை நடக்கிறது என்றே கொள்ளலாம்.

கேள்வி: நடுவில் மின்சாரம் போய்விட்டது. இப்போது கறுப்புத் திரைதான் வருகிறது.

பதில்: பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஒவ்வொரு மென்பொருள் தொகுப்பும் எந்த நிலையில் விடுபட்டது என்பதை, அவற்றை நிறுவும் கருவியான டிபிகேஜி குறித்து வைத்திருப்பதால், விட்ட இடத்திலிருந்தே தொடர முடியும். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்டை) அழுத்தி, குரப் எனும் தொடக்கப் பட்டியலில் 'ரெக்கவரி மோடு' (மீட்பு நிலை) தேர்ந்தெடுங்கள். அங்கே முதலில் நெட்வொர்க்கை இயக்கி, பிறகு ரூட் ஷெல்லில் (முழு நிர்வாகி உரிமையுள்ள டெர்மினல்) 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ', அதன்பின் 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' என்ற வரிசையில் இயக்குங்கள். புதிய கெர்னல் மட்டுமே சிக்கல் எனில், அதே பட்டியலில் உள்ள பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

கேள்வி: '/பூட்' பிரிவில் இடமில்லை என்கிறது.

பதில்: வட்டைக் குறியாக்கம் செய்து நிறுவியவர்களுக்கு இது அடிக்கடி நேரும், அங்கே, கெர்னல்கள் வைக்கப்படும் '/பூட்' சிறிய தனிப் பிரிவாக இருக்கும். 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' பழைய கெர்னல்களை நீக்கிவிடும். கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள்.

கேள்வி: வேறொரு நிரல் பூட்டு வைத்திருப்பதாகச் செய்தி வருகிறது. பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்கிறார்களே?

பதில்: அது தவறான அறிவுரை. பின்னணியில் இயங்கும் தானியங்கிப் புதுப்பிப்புதான் பெரும்பாலும் அந்தப் பூட்டை வைத்திருக்கும். கோப்பை அழித்தால் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் தொகுப்புத் தரவுத்தளத்தில் எழுதத் தொடங்கி, இன்று சிறிதாக இருக்கும் சிக்கல் முழு மறுநிறுவல் வரை போகக்கூடும். அந்தப் புதுப்பிப்பு முடியும் வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் முறை) வழியாகச் சர்வரை மேம்படுத்தும்போது இணைப்பு அறுந்துவிட்டது.

பதில்: இணைப்பு போனாலும் நிற்காத 'ஸ்கிரீன்' அமர்வுக்குள் மேம்படுத்தல் ஓடுவதால் அது தொடர்ந்துகொண்டிருக்கும். மீண்டும் உள்நுழைந்து 'சூடோ ஸ்கிரீன் -டி -ஆர்' கொடுங்கள். வழக்கமான வழி திறக்கவில்லையெனில், மேம்படுத்தல் தொடங்கும்போதே திறந்து வைக்கும் 1022 என்ற போர்ட்டில் முயலுங்கள். ஃபயர்வாலில் அதற்கு அனுமதி இருக்க வேண்டும்.