ஸென்ஸேய் வெட்டிய கிளை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கணவரின் வேலைக்காக யோகோஹாமா வந்தோம். ஆறு மாதமாக சோகெட்ஸு பள்ளி ஆசிரியை ஒருவரிடம் இகெபானா என்ற ஜப்பானியப் பூ அலங்காரம் கற்கிறேன். ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்து வைத்ததை அவர் இரண்டே நிமிடத்தில் பிடுங்கி மாற்றிவிடுகிறார். கிளையை வெட்டியும் விடுகிறார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பூக்களைப் பார்க்கவே பிடிக்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுகிறேன். சான்றிதழுக்குத் தனிப் பணம் வேறு. யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ளலாமா? இல்லை, பள்ளியை மாற்றலாமா?

வி.

அன்புள்ள வி.,

என் பழைய ஹசாமியைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. கியோட்டோவில் வாங்கிய கத்தரி. அதை எடுத்தாலே என் ஸென்ஸேயின், அதாவது ஆசிரியரின், கைதான் நினைவில் வரும்.

சான்றிதழ் வேண்டுமென்றால் வாங்குங்கள், வேண்டாமென்றால் விடுங்கள். பள்ளியும் அப்படித்தான். பழைய பள்ளியான இகெனோபோவின் பெயர் 1462லேயே ஒரு துறவியின் நாட்குறிப்பில் வருகிறது. உங்கள் சோகெட்ஸு 1927ல் தொடங்கியது. எங்கே போனாலும் ஆசிரியர் வெட்டத்தான் செய்வார்.

நான் படித்தது இகெனோபோவில். ஒரு பிப்ரவரியில் கமேலியாக் கிளைகளை மட்டும் வைத்து ஷோகா என்ற வகை அலங்காரம் செய்தேன். தண்டுகள் தண்ணீரிலிருந்து ஒரே தண்டு போல எழ வேண்டும். அந்த இடத்துக்கு மிஸுகிவா என்று பெயர். பச்சையாக நன்றாக இருக்கிறதே என்று அங்கே இரண்டு இலையை விட்டிருந்தேன். ஸென்ஸேய் என் இடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். அந்த இரண்டு இலையும் போயின. அப்புறம் பூவை மறைத்த இலை. அப்புறம், நான் அரை மணி நேரம் வளைத்து நிறுத்திய கிளையில் பாதி. ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிரவு ஈரச் செய்தித்தாளைப் பிரித்து அதே கிளைகளைத் திரும்ப வைத்தேன். பதினோரு மணி வரை வரவில்லை. ஒரு விரற்கடை தள்ளினால் பூ கவிழ்ந்துகொண்டது. அவர் கிளையை ஊன்றும் முன் கையில் வைத்து மெல்லத் திருப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இலையில் வெயில் பட்ட பக்கம் எது என்று பார்த்திருக்கிறார்!

அந்தப் பூவையா பக்கத்து வீட்டில் கொடுக்கிறீர்கள்? கோபமாகவே சொல்கிறேன், வகுப்பில் பாதியை அல்லவா கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் முதல் பாடத்தில் மூன்று முக்கியக் கிளைகளின் சாய்வு ஷின் 15 பாகை, சோஎ 45, ஹிகாஎ 75 என்று படித்திருப்பீர்கள். கோணலாக வளர்ந்த கிளையில் அந்தப் பாகையை எங்கிருந்து எண்ணுவது? புத்தகத்திலும் காணொளியிலும் உங்கள் கிளை இல்லை. அது அவர் கையில் இருக்கிறது. அவர் பிடுங்கும் அந்த இரண்டு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

புது ஊர், பேச ஆளில்லாத பகல், அதில் ஆசையாகச் செய்த ஒன்றையும் ஒருவர் கலைத்தால் வலிக்கும். எனக்குத் தெரியும், வி.

அடுத்த வகுப்பு முடிந்ததும் பூவோடு நேராக வீட்டுக்குப் போங்கள். தண்டின் அடியைத் தண்ணீருக்குள் வைத்தே ஒருமுறை வெட்டுங்கள். வீட்டில் கென்ஸான், தண்டைக் குத்தி நிறுத்தும் முள் தட்டு, இல்லையென்றால் சான்றிதழ்ப் பணத்தில் ஒன்று வாங்கிவிடுங்கள். அவர் வைத்தபடியே வைத்துப் பாருங்கள். சமையல் அப்புறம் ஆகட்டும்.